அனஸ்ரேசியா எண்டு எழுதுங்கோ

வெஸ்ட்லி ரயில் நிலையத்திலிருந்து மாடிக் குடியிருப்புகளுக்கு ஏறும் படிக்கட்டில் ஐம்பத்தெட்டுப் படிகள். 2004 தை மாதத்தில் ஒரு காலை, முப்பத்தோராவது படியில் அனஸ்ரேசியா சறுக்கி விழுந்து இடது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள்.

மணிக்கட்டு ஆறு வாரத்தில் பொருந்திவிட்டது. கோபம் பொருந்தவில்லை. படிக்கட்டில் கைபிடி இல்லை. பனி உறைந்தால் கல்லுத்தூள் தூவ ஆளில்லை. வீட்டுச் சங்கத்துக்கு எழுதினாள். படி எங்கள் நிலத்தில் இல்லை என்று பதில் வந்தது. அப்படியானால் நிலம் யாருடையது என்று கேட்டு இன்னோர் இடத்துக்கு எழுதினாள். அவர்கள் வேறோர் இடத்தைக் காட்டினார்கள். மூன்று மாரி இப்படிப் போனது. கடிதங்கள் பதினேழு.

"படி வானத்தில் இருந்து விழுந்ததா?" என்று முதியோர் இல்லத்துத் தேநீர் மேசையில் ஒருநாள் கேட்டாள். அவள் அங்கே உதவித் தாதி. எதிரே இருந்த பேரித் என்ற நோர்வேஜியப் பெண்ணும் தாதிதான். வேலை முடிந்த பிறகு அவள் ஒரு கட்சியின் உள்ளூர்க் கிளைச் செயலாளர்.

"இதைக் கதைக்கும் இடம் பகுதிச் சபை, ஆனா," என்றாள் பேரித். "செப்டெம்பரில் தேர்தல் வருகிறது. எங்கள் பட்டியலில் பதினோராம் இடம் காலி."

ஆனா என்பது இந்த நாடு அவளுக்கு வைத்த பெயர். 1988இல், இருபத்தாறு வயதில், யாழ்ப்பாணத்துப் பாசையூரிலிருந்து வந்து வடக்கே ஒரு மீன் தொழிற்சாலையில் சேர்ந்தாள். மேற்பார்வையாளன் அவளுடைய பெயரை ஒருமுறை வாசித்துவிட்டு மேலங்கியில் 'ஆனா' என்று ஒட்டினான். கொட் மீனின் முள்ளெடுத்த நான்கு வருடங்களும் ஆனா. பேர்கனில் ஒரு மருத்துவமனையின் மாடிகளைத் துடைத்த காலத்திலும் ஆனா. படித்துத் தாதி உடுப்புப் போட்ட பிறகும் ஆனா. தமிழர்களுக்கு அவள் ரேசி, ரேசியக்கா. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் நாலாம் வகுப்புக்குப் படிப்பிக்கத் தொடங்கியதிலிருந்து ரேசி ரீச்சர். முழுப் பெயரைச் சொல்லி அழைக்க எவருக்கும் நேரமிருந்ததில்லை.

பதினோராம் இடம் என்பது பட்டியலை நிரப்புகிற இடம். பதினைந்து ஆசனத்தில் ஐந்து கிடைத்தாலே கட்சிக்குப் பெரிய விசயம். ஆனால் தேர்தல் விதியில் ஒரு சந்து இருந்தது. கட்சிக்கொரு தனி வாக்குத்தாள்; எடுத்த தாளில் பிடித்த ஆளின் பெயருக்கு முன்னால் வாக்காளர் பெருக்கல் குறியாக ஒரு புள்ளடி போடலாம். புள்ளடி கூடினால் பதினோராம் ஆள் ஐந்தாம் ஆளாக முடியும். வேறு கட்சித் தாளை எடுத்தவர்கூட அதிலுள்ள வெற்றுப் பெட்டியில் அவள் பெயரை எழுதலாம். அதுவும் ஒரு புள்ளடி.

அன்றைக்கு அனஸ்ரேசியா ஐம்பத்தெட்டுப் படியையும் நிற்காமல் ஏறினாள்.

துண்டுப்பிரசுரத்தைச் சமையல் முடிந்த குசினி மேசையில் வைத்துத் தன் கையாலேயே எழுதினாள். நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதுகிற அதே குண்டு எழுத்து. எங்கள் கட்சித் தாளை எடுத்தால் பதினோராம் பெயருக்குப் புள்ளடி போடுங்கோ. வேறு தாளை எடுத்தால் வெற்றுப் பெட்டியில் என் பெயரை எழுதுங்கோ. கீழே ஒரு பெட்டி கீறி, அதற்குள் பெரிதாக: அனஸ்ரேசியா.

கணவர் சூசைரட்ணம் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். தபால் பிரிக்கும் நிலையத்தில் இரவு வேலை செய்பவர்.

"என்ரை பேர் எங்கை?"

"உங்கடை பேர் ஏன்?"

"நொஸ்க் மொழிப் பட்டியலிலை நீர் அனஸ்ரேசியா சூசைரட்ணம் எல்லோ."

"வாக்குக் கேட்கிறது நான். படியிலை விழுந்ததும் நான். நீங்கள் அண்டைக்குப் படுத்திருந்தனீங்கள்."

"இரவு வேலை முடிஞ்சு வந்து படுத்தனானப்பா. அதுக்கும் குற்றமோ?"

"ஒரு பேர் போதும்," என்றாள்.

ஆவணி முழுவதும் அவள் கதவு தட்டினாள். அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. மீன் தொழிற்சாலையில் நாலு வருடம் வாய் திறக்காமல் நின்றவள், இப்போது ஆறாம் மாடியில் லிப்ட் கதவைக் காலால் தடுத்துக்கொண்டு கதைத்தாள். சனம் அவளுக்காக வாக்குப் போடப் போகவும் தயார். ஆனால் தாளில் எதையும் எழுதத்தான் பயந்தது.

"ரீச்சர், தாளிலை கூடக் குறைய ஒரு கீறு விழுந்தாலும் செல்லாமப் போகுமெல்லோ?" என்று கேட்டாள் மரியரஞ்சனி. இரண்டு பிள்ளைகளையும் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்புகிறவள்.

"அது அங்கை ஊரிலை. இஞ்சை பேர் எழுதலாம்."

"எழுதினாப் பிடிச்சுக்கொண்டு போகமாட்டினமோ?"

"பிடிச்சுக்கொண்டு போனா நானும் வாறன். எழுதும்."

குலசேகரத்தை அவள் பிடித்தது வாடகைக் கார்கள் நிற்கும் ரக்சித் தரிப்பிடத்தில். இருபது வருடமாக மற்றக் கட்சிக்காரர். அவருடைய சொல்லுக்கு ரக்சி ஓடும் தமிழரிடம் மதிப்பிருந்தது.

"ரீச்சர், நீங்கள் தங்கமான ஆள். ஆனா உங்கடை கட்சிக்கு நான் போடமாட்டன்."

"வேண்டாம் அண்ணை. உங்கடை கட்சித் தாளையே எடுங்கோ. பெட்டிக்கை என்ரை பேரை மட்டும் எழுதுங்கோ."

"அது கட்சிக்குத் துரோகமில்லையோ?"

"படியேறேக்கை எந்தக் கட்சிக் காலாலை ஏறுறியள்?"

குலசேகரம் காருக்கு மேல் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். "ரீச்சர் கதைக்கப் பழகிட்டா. தாங்கோ, துண்டுப்பிரசுரம் ஒரு ஐம்பது தாங்கோ."

தேர்தல் திங்கட்கிழமை. வேலை முடிந்ததும் வாக்களிக்கும் பள்ளிக்கூடத்துக்கு எதிர்ப்பக்கத்து நடைபாதையில் போய் நின்றாள். அதற்குமேல் கிட்டப் போகக் கூடாது என்று பேரித் சொல்லியிருந்தாள். காற்று அடித்தது. குடும்பம் குடும்பமாக உள்ளே போனார்கள், வெளியே வந்தார்கள். மரியரஞ்சனி பள்ளிக்கூடத்தின் கடைசிப் படியில் நின்று இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள், பிடிபடவில்லை என்று சொல்கிற மாதிரி. குலசேகரம் ரக்சிக்குள் ஏறுமுன் விரலால் காற்றில் ஏதோ எழுதிக் காட்டிவிட்டுப் போனார். நீளமாக எழுதினார். முழுப் பெயரையும் எழுதிவிட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது. நின்ற இடத்திலேயே கால் இரண்டும் தாளம் போட்டன.

செவ்வாய்க்கிழமை, கட்சிக்கு ஐந்து ஆசனம். முதல் நான்கும் எதிர்பார்த்த ஆட்களுக்கே. ஐந்தாவதைத் தனிப் புள்ளடிகள் தீர்மானிக்க வேண்டும்.

புதன்கிழமை பேரித் ரெலிபோனில் கூப்பிட்டாள். கட்சியின் சார்பில் எண்ணுமிடத்தில் நின்றது அவள்தான்.

"ஊட்வாருக்கு நூற்று நான்கு. உனக்கு எண்பத்தொன்பது."

ஊட்வார் ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். பட்டியலில் ஐந்தாமவர். பதினைந்து புள்ளடி வித்தியாசம். அனஸ்ரேசியா மேசையைப் பிடித்துக்கொண்டு, "நல்ல மனிசன்," என்றாள்.

"பொறு. முப்பத்திரண்டு தாளைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறார்கள். எல்லாம் மற்றக் கட்சிகளின் தாள். பெட்டிக்குள் வட்டம் வட்டமாக ஏதோ எழுதியிருக்கிறது. அது உங்கள் எழுத்தா?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவள் தமிழில் எழுதிக் கொடுத்தாள். சனம் அதைப் பார்த்துத் தமிழிலேயே எழுதிவிட்டது. நோர்வேஜிய எழுத்தில் எழுதுங்கோ என்று ஒரு வரி போட அவளுக்குத் தோன்றவே இல்லை. பெயர் என்றால் பெயர் என்றுதான் நினைத்திருந்தாள்.

"ஓம்," என்றாள். பிறகு நோர்வேஜிய மொழியில், "ஆமாம், எங்களுடையது."

"சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வாசித்துச் சொல்வார். எவருடைய பெயர் என்று தெளிவாகத் தெரிந்தால் எண்ணலாம் என்கிறார்கள். ஆனா, இதை நீ எவரிடமும் சொல்லாதே. எவரையும் கூப்பிடாதே. வேட்பாளர் தலையிட்டாள் என்று ஒரு சொல் வந்தால் முப்பத்திரண்டும் குப்பைக்குள்."

சூசைரட்ணத்திடம்கூடச் சொல்லாமல் இரண்டு நாள் இருந்தாள். சோற்றுக்கு உப்புப் போட்டாளா என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டு தரம் போட்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை பேரித்தின் குரல் தணிந்திருந்தது. "நான்கு தாளில் 'ரேசி ரீச்சர்' என்று இருக்கிறதாம். அது பட்டியல் பெயரில்லை, போனது. மிச்சம் இருபத்தெட்டிலும் ஒரே பெயர். அனஸ்-ரே-சியா."

"அது நான்தானே."

"எனக்குத் தெரியும். ஆனால் பட்டியலில் நீ அனஸ்தாசியா. நடுவில் 'ட்' என்றோ 'த்' என்றோ ஒரு சத்தம் வர வேண்டும். அந்த எழுத்தில் அது இல்லை, 'ர'தான் இருக்கிறது என்கிறார் மொழிபெயர்ப்பாளர். மற்றொரு கட்சியில் ஆன்ன தெரேசெ என்று ஒருத்தி நிற்கிறாள். அனஸ்ரேசியா, ஆன்ன தெரேசெ. அவளாகவும் இருக்கலாமே என்கிறார்கள். கூட ஒரு குடும்பப் பெயர் இருந்திருந்தால் பிரச்சினையே இல்லை."

அனஸ்ரேசியா குசினி மேசையைப் பார்த்தாள். ஒரு பேர் போதும் என்று சொன்ன அதே மேசை.

"மொழிபெயர்ப்பாளர் எந்த ஊர்?"

"இந்தியா. ஆனால் நேர்மையான ஆள். தன் வாசிப்பில் தனக்கே முழுத் திருப்தி இல்லை, இலங்கை எழுத்து வழக்குத் தெரிந்த எவரையாவது கேட்டுவிட்டுத் திங்களன்று முடிவாகச் சொல்கிறேன் என்று எழுதியிருக்கிறார்."

ரெலிபோனை வைத்துவிட்டு ஒரு பழைய உறையின் பின்பக்கத்தில் தன் பெயரை எழுதிப் பார்த்தாள். அனஸ்ரேசியா. நாற்பது வருடமாக எழுதுகிற பெயர். அதற்குள் அந்தச் சத்தம் இல்லை என்று இன்றைக்குத்தான் கண்டாள். யாழ்ப்பாணத்தில் ரீச்சர் என்று எழுதி டீச்சர் என்று சொல்வார்கள். ரிக்கற் என்று எழுதி டிக்கெட் வாங்குவார்கள். அந்த இடத்துக்கு வந்ததும் நாக்கு தானாகவே மேலே தட்டும். தாளில் இருப்பது 'ர'. வாயில் வருவது வேறு. எந்தப் பிள்ளைக்கும் இதை அவள் படிப்பித்ததில்லை. படிப்பிக்க வேண்டும் என்று எவரும் நினைத்ததில்லை.

சனிக்கிழமை காலை. தமிழ்ப் பள்ளி ஒரு நோர்வேஜியப் பள்ளிக்கூடத்தின் கீழ்த்தளத்தில் நடந்தது. இடைவேளை மணி அடித்து, பிள்ளைகள் முற்றத்தில் நோர்வேஜிய மொழியில் கத்திக்கொண்டிருந்தார்கள். அலுவலக அறையில் அனஸ்ரேசியாவும் சங்கீத ஆசிரியை சிறிதேவியும் மட்டும். சிறிதேவி வடையைத் தேநீரில் தோய்த்துக்கொண்டிருந்தாள். ரெலிபோன் அடித்தது. அனஸ்ரேசியா எடுத்தாள்.

"வணக்கங்க, தமிழ் ஸ்கூலுங்களா? என் பேரு ரிஷிகேசன். ஒரு சின்ன டவுட்டு. ட்ரான்ஸ்லேஷன் வேலை ஒண்ணு, டீடெய்ல் சொல்லக் கூடாது. உங்க சிலோன் வழக்கத்துல, 'ஸ்' போட்டுப் பக்கத்துல 'ர' எழுதினா அதை எப்படிப் படிப்பீங்க?"

அந்த மொழிபெயர்ப்பாளர்தான் என்று அவளுக்கு விளங்கியது. பதில் ஒரு சொல். ஒரே ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு வைத்துவிடலாம். ஆனால் இவர் அடுத்து, யார் பேசுறீங்க என்று கேட்பார். பெயரைச் சொன்னால் எல்லாம் முடிந்தது. வேறு பெயரைச் சொன்னால்... பெட்டி கீறி, பெரிதாக, தனியாக எழுதிய பெயர் அது. அதைத் தன் வாயாலேயே எப்படி மறைப்பது?

"கொஞ்சம் பொறுங்கோ. வேறை ஆளிட்டைக் குடுக்கிறன்."

"நீங்களே சொல்லலாமே, மேடம்."

"நான் சொல்லக் கூடாது," என்றாள். சொன்ன பிறகுதான் அதுவே கூடிப்போனதோ என்று பயந்தாள். ரெலிபோனைக் கையால் பொத்தி, "சிறிதேவி அக்கா, ஒராள் ஏதோ எழுத்து எப்பிடி வாசிக்கிறதெண்டு கேட்கிறார்," என்றாள்.

"எழுத்தோ? நான் சங்கீத ரீச்சரடி."

"வாசிக்கத் தெரியுந்தானே. இந்தாங்கோ."

அறைகளுக்கு நடுவே போகும் ஓடைக்கு வந்து கதவைச் சாத்தப் போனாள். கை சாத்தவில்லை. நாலு விரல் இடைவெளியில் சிறிதேவியின் குரல் வந்தது.

"சொல்லுங்கோ தம்பி... ஓம்... 'ஸ்ரேசன்' எண்டு எழுதினா ஸ்டேசன்தான். பேந்தென்ன ஸ்ர்ரேசனே?... 'ர' தான் எழுதுறது, ஆனா ஆர் 'ர' எண்டு வாசிக்கிறது... ஸ்ட்ரோம்மனோ? எங்கடை கடைத்தெரு ஸ்ட்ரோம்மன்? ஓம், அதையும் 'ஸ்ரோம்மன்' எண்டுதான் எழுதுறது."

அனஸ்ரேசியா கண்ணை மூடினாள். ஸ்ட்ரோம்மனை ஏன் இழுத்தார்கள்?

"இல்லைத் தம்பி, அதிலை உண்மையாவே ஒரு 'ர' இருக்குத்தான்... இதிலை இல்லைத்தான்... ரெண்டுக்கும் ஒரே எழுத்துத்தான்... எப்பிடித் தெரியுமெண்டா? ஊரைத் தெரிஞ்ச ஆளுக்குத் தெரியும்." வடை கடிக்கும் சத்தம். "நீங்கள் 'ட்' போட்டோ எழுதுறனீங்கள்? அதுவும் வடிவாத்தான் இருக்கு. ஆனா எங்களுக்குச் சரிவராது."

முற்றத்தில் ஒரு பிள்ளை பந்தை ஜன்னலில் அடித்தது. அனஸ்ரேசியா அசையவில்லை.

"நில்லுங்கோ, லேசா ஒண்டு சொல்லுறன். எங்கடை ரீச்சர் ஒராள் இருக்கிறா, அனஸ்ரேசியா எண்டு. அவவும் தன்ரை பேருக்கு 'ஸ்' போட்டு 'ர' தான் எழுதுறவ. வாசிச்சா 'டே' தான் வரும். நொஸ்கிலை எழுதேக்கை அனஸ்தாசியா ஆகும். ஒரே பேர்தான்... ஹலோ?... தம்பி, நிக்கிறியளோ?"

சிறிதேவி தன் பெயரைச் சொல்வதும் ரெலிபோனை வைக்கும் சத்தமும் கேட்டன. சிறிதேவி கதவைத் திறந்தாள்.

"நன்றிங்க, நன்றிங்க எண்டு மூண்டு தரம் சொல்லிப்போட்டு வைச்சிட்டார். என்ரை பேரையும் கேட்டு எழுதினவர். நல்ல பெடியன், ஆனா மெல்லத்தான் விளங்குது. நீர் ஏன் சுவரோடை ஒட்டிக்கொண்டு நிக்கிறீர்?"

"சும்மா."

"ஏதும் பிழையாச் சொல்லிப்போட்டனோ?"

"இல்லையக்கா. வடையைச் சாப்பிடுங்கோ."

அடுத்த பாடத்தில் நாலாம் வகுப்புக் கரும்பலகையில் தேதியை இரண்டு தரம் பிழையாக எழுதினாள். பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை.

திங்கட்கிழமை முற்பகல், முதியோர் இல்லத்தில் இங்கெபோர்க் என்ற தொண்ணூறு வயதுப் பெண்ணுக்குச் சீப்பால் தலை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். ஓடையில் யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது. அந்த இல்லத்தில் எவரும் ஓடுவதில்லை, எவருக்காவது மூச்சு நின்றாலொழிய. வந்தவள் பேரித். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இருபத்தெட்டும்."

"என்ன?"

"இருபத்தெட்டும் உனக்கு. நூற்றுப் பதினேழு. ஊட்வார் உனக்கு வாழ்த்துச் சொல்லச் சொன்னார். தான் தோற்றது எந்த எழுத்தால் என்று காட்டச் சொல்லியும் கேட்டார்."

சீப்பு அனஸ்ரேசியாவின் கையிலிருந்து விழுந்தது.

"யார் செத்தது?" என்று கேட்டாள் இங்கெபோர்க்.

"எவரும் சாகவில்லை. நான் வென்றுவிட்டேன்."

"நல்லது," என்றாள் இங்கெபோர்க். "வலது பக்கம் இன்னும் இழுக்கவில்லை."

அனஸ்ரேசியா சீப்பை எடுத்துக் கழுவி வலது பக்கத்தையும் இழுத்து முடித்தாள். வகிடு கொஞ்சம் வளைந்துவிட்டது. பேரித் மேசையில் ஒரு கடதாசியை வைத்தாள். சபைக்கு அனுப்பும் படிவம். "மேசையில் வைக்கும் பெயர்ப் பலகையில் என்ன போடுவது? ஆனா என்றா?"

"முழுப் பெயர்," என்றாள் அனஸ்ரேசியா. கொஞ்சம் யோசித்து, "சூசைரட்ணத்தையும் போடு," என்றாள்.

மாலை ரயிலில் இருந்தபடியே ரெலிபோனில் எல்லோருக்கும் சொல்லிவிட்டாள். வெஸ்ட்லியில் இறங்கியபோது படிக்கட்டின் அடியில் சூசைரட்ணமும் குலசேகரமும் நின்றார்கள். குலசேகரம் ரக்சியைக் குறுக்கே விட்டிருந்தார்.

"ரீச்சர், இனி இதிலை ஆர் விழுந்தாலும் உங்களைத்தான் ஏசுவம்."

"ஏசுங்கோ. முதல் ஏச்சு மற்றக் கட்சிக்காரருக்கு."

"என்ரை பேரையும் அண்டைக்கே எழுதியிருந்தா," என்று தொடங்கினார் சூசைரட்ணம், "ஒரு கிழமை சோறு ஒழுங்காத் திண்டிருக்கலாம்."

"பலகையிலை போட்டிருக்கு. பேசாமல் வாங்கோ."

மூவரும் ஏறினார்கள். முப்பத்தோராவது படியில் அனஸ்ரேசியா நின்றாள். பக்கச் சுவரில் கையை வைத்து, "கைபிடி இந்த உயரத்திலை," என்றாள்.

"பதிவு, ரீச்சர், குனியவேணும்," என்றார் குலசேகரம். "இன்னும் ஒரு சாண் மேலை வேணும்."

"உங்களுக்கு இடுப்பு மேலை. இஞ்சை ஏறுறதெல்லாம் கிழவியளும் பிள்ளையளும்."

"அப்ப நெடியவன் விழலாமோ?"

"ரெண்டு கைபிடி பூட்டலாம்," என்றார் சூசைரட்ணம்.

"ரெண்டுக்கு ஆர் சம்மதிப்பினம்? ஒண்டுக்கே பதினேழு கடிதம்," என்றாள் அனஸ்ரேசியா. அவளுடைய கை சுவரில் அதே இடத்தில் இருந்தது. குலசேகரம் தன் கையை அதற்கு ஒரு சாண் மேலே வைத்தார். கீழே அடுத்த ரயில் வந்து, சனம் படியேறத் தொடங்கி, இவர்களுக்குப் பின்னால் ஒவ்வொருவராக வந்து நின்றது.